நாலாவது சொட்டில் மாற வேண்டிய நீலம்

அன்று சமையலறையில் நான் இருந்தேன். பக்கத்து வீட்டு விஞ்ஞான டீச்சர் இருந்தார். என் மனைவியின் தம்பி இருந்தான். கதவோரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் மனைவி இருந்தாள்.

அவள் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டியில் தங்க மீன் வளர்த்தோம். இடுப்பு வலியால் தேயிலைக் கொழுந்தெடுப்பதை விட்ட பிறகு அவளுக்கு அந்த மீன்கள்தான் எல்லாம். காலையில் தொட்டிக்குப் போனால் பனி விலகும் வரை வரமாட்டாள். பிறகு மீன்கள் சாகத் தொடங்கின.

"தண்ணி சரியில்லீங்க. புளிச்ச வாடை வருது" என்றாள்.

சோதனை மருந்து ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் மருந்து. கொஞ்சம் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலமாகும்; எத்தனையாவது சொட்டில் அந்த நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் அளவு. நாலுக்குக் குறைந்தால் தண்ணீர் புளித்துவிடும், அப்பச்சோடா போட வேண்டும். நான் பார்த்த போதெல்லாம் நாலு காட்டியது.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. நீதான் தீனிய அள்ளிக் கொட்டிக் கொல்லுற" என்றேன். லயமே கேட்கத்தான் சொன்னேன்.

அவள் தொட்டிப் பக்கம் போவதையும் என்னோடு பேசுவதையும் விட்டாள். தீனியை நானே எண்ணிப் போட்டேன். அப்படியும் மீன்கள் செத்தன.

டீச்சரிடம் சொன்னேன். "மொதல்ல அந்த மருந்து சரியான்னு பாருங்கண்ணே. அளவு தெரிஞ்ச தண்ணி ஒண்ணு நாமளே செய்வோம்" என்றார்.

ஆறு கிராம் அப்பச்சோடா வேண்டும் என்றார். வீட்டில் இருந்ததில் கொஞ்சம் எடுத்துப் போய், நோர்வூட் டவுனில் நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கேட்டேன்.

"என்னங்க, இதுலயா சங்கிலி செய்யப் போறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் நிறுத்துக் கொடுத்தார். கராஜில், வாகன பெட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினேன். அதில் எதுவும் கலந்திருக்காதாம்.

அன்று எங்கள் சமையலறையில் டீச்சர் அந்தச் சோடாவை ஒரு லீட்டர் பெட்டரித் தண்ணீரில் கரைத்தார். அதில் இருபது மில்லியை ஊசிக்குழலால் எடுத்து வேறு போத்தலில் விட்டு, மறுபடி ஒரு லீட்டராக நிரப்பினார்.

"இது நாலாவது சொட்டுல மாறணும்ணே."

முதலில் வெறும் பெட்டரித் தண்ணீரில் மருந்தை விட்டேன். ஒரே சொட்டில் மஞ்சள். பிறகு அவர் செய்த தண்ணீரில் விட்டேன். நாலாவது சொட்டில் நீலமாகவே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டில்தான் மஞ்சளானது. திரும்பச் செய்தோம். எட்டு.

"மருந்துல பாதிச் சத்துதான் இருக்கு. இது நாலு காட்டினா உண்மையில ரெண்டுதான்" என்றார் டீச்சர். "வாங்கினப்பவே இப்படியா?"

போத்தல் பாதியானபோது மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் ஊற்றி நிரப்பியது நான்தான். வீட்டில் ஷாம்பு தீரும்போது அப்படித்தானே செய்வோம். நிறம் மாறியது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சொன்னேன்.

"தண்ணி கலக்குற சாராயக் கடைக்காரனே தோத்தான் மச்சான் உங்ககிட்ட" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

மிச்ச அப்பச்சோடா அடுப்புப் பலகையிலேயே இருந்தது. அத்தனை நாளும் அங்கேதான் இருந்தது.

மனைவி திரும்பவில்லை. டீச்சரும் தம்பியும் போன பிறகு அவளிடம் போனேன்.

"தப்பு என்னுதுதான். வா, நீயே தீனி போடு."

"எதுக்குப் போடணும்?" என்றாள். "எத்தன இருக்குன்னு போய்ப் பாருங்க."

நூற்று நாற்பது குஞ்சு விட்ட தொட்டி. போய் எண்ணினேன்.

மூன்று.