அக்காவும் ஆலயத்து வாங்குகளும்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி என்னைக் கேட்டபோது, படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு என்றேன். படித்தவர்கள் எல்லோரும் தொலைபேசியில் "அக்கா தங்கமான மனுசி" என்று ஒரே வசனத்தைச் சொன்னார்களாம். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஆகையால் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அச்சகத்தார் திருத்தட்டும். சொன்ன விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பிறந்தது புத்தளத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு உப்பு நிறுக்கும் வேலை. பெரியப்பா அதே உப்பளத்து அலுவலகத்தில், கந்தோர் என்போம், பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து கந்தோர் வேலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து, கடல்நீர்க் களப்பின் கரையில், கடலில் எடுத்த முருகைக்கல்லால் எங்கள் சிறிய ஆலயத்தைக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் பள்ளிவாசல்களும் கத்தோலிக்கக் கோயில்களும். நடுவிலே நாங்கள் ஒரு பிடி சனம். அந்த ஒரு பிடிக்குள்ளும் மேல் கீழ் பார்த்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார நீளமான ஒரு மர வாங்கு, சாய்மானத்தில் பித்தளைத் தகட்டில் குடும்பப் பெயர். அடுத்தவர் வாங்கில் இருந்தால் அது பெரிய குற்றம். பெரியப்பாவின் வாங்கு முன்னுக்கு, ஜன்னல் காற்றுக்கு நேரே. எங்கள் வாங்கு கடைசியில், தகடு இல்லாதது.

சின்னப் பிள்ளையில் அக்கா ஒருநாள் முன் வாங்கில் போய் இருந்துவிட்டார். பெரியம்மா ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்து, "உங்கட வாங்கு பின்னால கிடக்கு, பிள்ளை" என்றார். அக்கா எழும்பி, சட்டையின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டி உதறிவிட்டு வந்தார். அந்த வாங்கின் தூசிகூட அவருக்கு வேண்டாமாம். அக்கா பொறுமைசாலி என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிறகு கந்தோர் சுருங்கியது. கிளாக்கர்மார் பிள்ளைகளைப் படிப்பித்து, கொழும்புக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பி, தாங்களும் பின்னாலேயே போனார்கள். போகும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: திரும்பி வருவோம், எங்கள் வாங்கில் யாரையும் இருக்க விடாதே. அக்கா தையல் மெஷினில் பிழைத்து, அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்து, கலியாணம் செய்யாமலே, ஞாயிறுதோறும் கதவைத் திறந்து மணி அடித்தார். சிலாபத்திலிருந்து போதகர் மாதம் ஒரு தரம் வருவார். மற்ற ஞாயிறுகளில் அக்கா வேதம் வாசிப்பார். நான் கேட்பேன். வெறும் வாங்குகளும் கேட்டன.

வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனங்கள் எங்கள் பக்கம் வந்து ஓலைக் கொட்டில்களில் கிடந்த காலம் அது. பிள்ளைகள் மணலில் இருந்து படித்தார்கள். அவர்களுடைய மாஸ்டர், இரவலாகப் பாய்கள் கிடைக்குமா என்று அக்காவிடம் வந்தார். அக்கா ஆலயத்தைத் திறந்து, தகடு போட்ட வாங்குகளைக் காட்டினார்.

"கோயில் சாமான் தாத்தா, நாங்க எடுக்கலாமா?" என்று மாஸ்டர் தயங்கினார். அவர்கள் பேச்சில் அக்காவைத் தாத்தா என்பார்கள்.

"ஆக்கள் இருக்கத்தானே வாங்கு செய்தது. ஏத்துங்கோ" என்றார் அக்கா.

எங்கள் கடைசி வாங்கு மட்டும் மிஞ்சியது.

பெரியப்பாவின் மூத்த மகன், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுகிறவர், லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். எங்கள் அம்மா செத்தபோது எடுக்காத தொலைபேசி.

"அப்பாட வாங்கை ஆரைக் கேட்டுக் குடுத்தனி?"

"நீங்கள் வந்து இருக்கிற அண்டைக்குச் சொல்லுங்கோ அண்ணை. நானே சுமந்து கொண்டுவந்து போடுறன்."

அவர் சபை மேலிடத்துக்கு முறைப்பாடு செய்தார். சனமும் இல்லை, வாங்கும் இல்லையென்றால் ஆலயத்தைப் பூட்டிச் சாவியைத் தரும்படி மேலிடத்தார் ஆள் அனுப்பினார்கள். அக்கா அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தார். சாவி கொடுக்கவில்லை.

கடைசியில் கால் வீங்கிப் படுக்கையில் விழுந்தபோது அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னை எங்கட கோயில்ல இருந்துதான் எடுக்க வேணும். அதுவரைக்கும் சாவியை விடாத."

சாவுக்கு எல்லோரும் வந்தார்கள். பெரியண்ணனும் விமானம் ஏறி வந்தார். வந்தவுடன் கூடிக் கதைத்து, இங்கே இருக்க ஒரு கதிரை இல்லை, சனத்துக்கு முன்னால் வெட்கம், சிலாபத்துப் பெரிய ஆலயத்தில் ஆராதனையை வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். கார் நிறுத்த அங்கேதான் வசதியாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்த மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். அடுத்த நாள் காலை லொறியில் வாங்குகள் வந்தன. இறக்கியவர்கள் தாடி நரைக்கத் தொடங்கிய ஆம்பிளைகள், ஒருகாலம் அவற்றில் இருந்து படித்த பிள்ளைகள். எது எங்கே என்று கேட்கவில்லை. சீமெந்துத் தரையில் வாங்குக் கால்களின் தடம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்து வைத்தார்கள். இருக்க இடமில்லை என்ற சாட்டு அதோடு போனது.

பெரியண்ணன் நேரே முன் வாங்குக்குப் போனார். மினுக்கி வைத்திருந்த தகட்டைத் தடவினார். தகட்டைச் சுற்றிப் பலகை முழுவதும், பிள்ளைகள் வட்டம் போடும் கவராய முனையால் கீறிய பெயர்கள்.

"ஆர் இவையெல்லாம்?"

"இதுல இருந்து படிச்சவங்க, சேர்" என்றார் மாஸ்டர்.

ஆராதனை முடியும்வரை பெரியண்ணன் அந்த வாங்கில் இருக்காமல் நின்றார். அக்காவை எங்கள் ஆலயத்திலிருந்தே எடுத்தோம்.

மாஸ்டருக்கும், லொறிக்காரருக்கும், வெளியே வெயிலில் நின்ற சனங்களுக்கும், அக்காவின் காலுக்கு மருந்து கட்டிய தாதிப் பிள்ளைக்கும், போதகருக்கும் என் நன்றி. வெளிநாட்டு உறவினர் மலர்வளையம் அனுப்பினார்கள். அதுவும் வந்து சேர்ந்தது.

வாங்குகளை அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டேன். இப்போது மேலிடத்தார் மறுபடியும் சாவி கேட்கிறார்கள். ஞாயிறு காலை ஆலயம் திறந்திருக்கும். பெரியப்பா குடும்பத்தார் வருவதென்றால் வரலாம். அவர்களுக்கும் ஒரு வாங்கு பின்னால் கிடக்கிறது. தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

தங்கை