மத்மசேல் ரொசாலி பூட்டிய அலமாரி

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பிலோமினா வந்து நின்றாள். எங்கள் பள்ளியிலிருந்து இந்த வருஷம் ப்ரெவே என்கிற பிரெஞ்சு சர்க்கார் பரீட்சைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி. எப்போதும் நான் கூப்பிடுவதற்குள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொள்கிறவள், அன்றைக்கு நிலைப்படியைத் தாண்டவில்லை.

"என்னடி, லீவு கேக்க வந்தியா?"

"இல்ல டீச்சர். மத்மசேல் காலைல எழுந்திருக்கலயாம்."

ரொசாலி அக்கா எழுந்திருக்காத காலை ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காய்ச்சலா என்று கேட்க வாயெடுத்தேன். பிலோமினா முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் கோயில் மணி காதில் விழுந்தது. அது முன்பிருந்தே அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவர் நினைவாகப் பள்ளி போடுகிற மலருக்கு அவரிடம் படித்தவர்கள் பலரும் எழுதி அனுப்பிவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த நான்தான் பாக்கி. அச்சுக்கூடத்தார் இனிமேல் பொறுக்க முடியாது என்று சொல்லியனுப்பிய பிறகு, குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து இதை எழுதுகிறேன். ரொசாலி அக்காவைப் பற்றி எழுதுவதைக் கடைசி நாள் வரையில் தள்ளிப்போட்டேன் என்று அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்கெல்லாம் தெரியும்.

நான் பட்டணத்தில் பி.ஏ. படித்துவிட்டு, கலியாணமாகிப் புதுச்சேரிக்கு வந்தவள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதால் நான் டீச்சர். பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக்கொடுத்ததால் அவர் மத்மசேல். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவருடைய வகுப்பை எட்டிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு பெண் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதறிவிட்டது. உள்ளே போய் அவள் தோளைத் தொடக் குனிந்தேன். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

"எழுப்பாதம்மா. அவளுக்கு இன்னிக்கு அதான் பாடம்."

காலையில் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் கீழ் இமையையும் இழுத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரி நர்சு தோற்றுவிடுவாள். இரவெல்லாம் விழித்துப் படித்தவள் என்று தெரிந்தால் திட்டமாட்டார். "பாய் எடுத்துக்கோ" என்பார், அவ்வளவுதான். அந்தப் பாயில் படுத்த வெட்கம் உங்களில் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

ஒருநாள் இடைவேளையில் அவர் தம்முடைய பரீட்சைக் கதையைச் சொன்னார். அவரும் சின்ன வயதில் எல்லோரையும் போலத்தான். வருஷம் பூராவும் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ராப்பகலாகப் படித்திருக்கிறார்.

"தூக்கம் வரக்கூடாதுன்னு அண்டாவுல தண்ணி ஊத்தி அதுல கால வச்சிக்கிட்டு படிச்சேன், சாரதா. தூக்கம் வரல. படிப்பும் வரல. சளி வந்துச்சு."

"பரீட்சை?"

"போய் ஒக்காந்தேன். தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. பேர மட்டும் முத்து முத்தா எழுதிட்டு வந்தேன். அதுக்கு மார்க் கெடையாதாம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் பட்டணத்து ஹாஸ்டலில் நானும் வாளித் தண்ணீரில் கால் வைத்துப் படித்தவள். தேறிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வெகு நாள் அச்செழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். அம்மா எழுதும் கடுதாசியைக்கூட வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. "அதான் பாஸாயிட்டியே, அப்புறம் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ரொசாலி அக்கா அப்படிக் கேட்கவில்லை.

"மறுபடி எப்போ புஸ்தகத்தக் கையில எடுத்த?" என்றார்.

"இங்க வேலைக்கு வந்த அப்புறம்தான்க்கா."

அவர் தம்முடைய முறுக்கை என் பக்கம் தள்ளி வைத்தார்.

பள்ளி திறந்த மறுநாளே அவர் பரீட்சைப் படிப்பைத் தொடங்கிவிடுவார். வகுப்பு விட்டபிறகு வாதாமரத்தடியில் கொஞ்ச நேரம். ஒரு கணக்கு, நாலு வரி சொல்வதெழுதல், அவ்வளவுதான். "மத்மசேல், பரீட்சைக்கு இன்னும் ஒரு வருஷம் கெடக்குதே!" என்று பெண்கள் முனகுவார்கள்.

"கெடக்கட்டுமே. ஒரு வருஷத்துச் சோத்தக் கடைசி வாரத்துல ஒண்ணா துன்னுடுவியாடி? தெனம் ஒரு கவளம் போதும்."

இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து படிக்கிறேன் என்கிறவளை வீட்டுக்கு விரட்டிவிடுவார். பரீட்சைக்கு முந்தின வாரம் வந்தால் எல்லோருடைய புத்தகங்களையும் வாங்கி, தேசப்படம் வைக்கிற அலமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். முதல் வருஷம் எனக்கே தாங்கவில்லை.

"என்னக்கா இது, ஒரு தடவ புரட்டிக்கூடப் பாக்க வேணாமா?"

"இனிமே உள்ள போறது எதுவும் தங்காது. இருக்கறதக் கலைக்காம இருந்தா சரி."

அன்று சாயங்காலம் பெண்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, "சும்மா கடலப் பாருங்க. அது யாரையும் கேள்வி கேக்காது" என்றார். ஒருத்தி வாய்க்குள் அலைகளை பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. "ஏய், எண்ணாதடி!"

அவரிடம் குறையே இல்லை என்று நான் எழுதினால் அவரே ஒப்பமாட்டார். நான் ஒருமுறை திடீரென்று பரீட்சை வைத்துவிட்டேன் என்று சில நாள் என்னோடு பேசவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே தொடங்குகிறவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் பிரசங்கம் பாதியில்தான் வருவார். கேட்டால், "சர்வேசுரன் மார்க் போட மாட்டாருடி" என்பார்.

இந்த வருஷம் அவர் பள்ளி திறக்கும் வரையில்கூடக் காத்திருக்கவில்லை. விடுமுறை இருக்கும்போதே பெண்களை நெல்லித்தோப்பில் தம் வீட்டுக்கு வரச்சொல்லித் தொடங்கிவிட்டார். பள்ளி திறந்த பிறகும் வழக்கத்தைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா இவ்வளவு அவசரம்?"

"அவசரம் இல்ல சாரதா. அவசரப்படாம இருக்கத்தான் சீக்கிரம் ஆரம்பிச்சேன்."

வகுப்பில் உட்கார்ந்தே பாடம் நடத்தினார். முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்தேன். மாடிப்படியில் பாதியில் நின்று, "பையன் நின்னானா?" என்று கேட்பார். என் மகனுக்கு ஒரு வயது ஆகிவிட்டது. இன்னும் எழுந்து நிற்கவில்லை. அவனை விடச் சின்னதான பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடுகிறது. அந்தக் கவலையை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறவள் நான். படியிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டுவேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்பார்.

"நிப்பான். நீ தெனம் கைய நீட்டு. புடிச்சி இழுக்காத."

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய தமக்கை மதலேன் அம்மாள்தான் சொன்னார். இருவரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள்.

"இருதயம் பலமில்ல, மாடிப்படி ஏறாதன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரும்மா. 'இந்தப் பொண்ணுங்கள முடிச்சிட்டுப் படுத்துக்கறேன்'னா. பாடமெல்லாம் முடிஞ்சிதுன்னு சிரிச்சிக்கிட்டே வந்தா. அந்த வாரமே..."

அவர் படியில் நின்றது மூச்சு வாங்கிக்கொள்ள. என் மகனைப் பற்றிக் கேட்டதும் பொய்யில்லை. இரண்டும் உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களையெல்லாம் தூங்கச் சொன்னவர், தாம் படுப்பதை மட்டும் பரீட்சைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

மதலேன் அம்மாள் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார். பரீட்சைக்கு முந்தின வாரம் வந்தது. பூட்ட எனக்குக் கை வரவில்லை. அவர் இருந்தவரையில் அந்தத் தைரியம் அவருடையது. நான் இன்னொரு தடவை படி, இன்னொரு தடவை படி என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள். பெண்கள் புத்தகங்களை மார்போடு அணைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிலோமினாவோடு அவளுடைய தாய் தெரசம்மாளும் வந்திருந்தார். மகள் தேறினால் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாம், தவறினால் சைகோனில் இருக்கிற தூரத்து உறவுக்காரருக்குக் கட்டிக்கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை முன்பே ஒருமுறை கலியாணம் செய்து மனைவியை இழந்தவர். இவள் வயதுக்கு அவர் தகப்பன் மாதிரி.

"ஏம்மா டீச்சரு, அந்தப் புண்ணியவதி பூட்டுனாங்க, சரி. அவங்க பேச்சே வேற. நீங்களும் புஸ்தகத்தப் புடுங்கி வச்சிட்டா எம்பொண்ணுக்கு யாரு பொறுப்பு? தவறிட்டான்னா அந்த மனுஷன் அடுத்த கப்பல்ல வந்து நிப்பாரு."

ரொசாலி அக்கா இருந்தால் அந்த அம்மாளைச் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பார். எனக்கு அப்படிப் பேச வராது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றேன். "ஆனா அவங்க இருக்கும்போதே எல்லாத்தையும் படிச்சி முடிக்க வச்சிட்டாங்க. அதுக்குத்தான் விடுமுறைலயே ஆரம்பிச்சாங்க. இனிமே இதுங்களுக்கு நாம குடுக்கறதுக்கு நம்ம பயம் மட்டும்தான் இருக்கு."

பிலோமினாதான் முதலில் வந்து தன் புத்தகங்களை அலமாரியில் வைத்தாள். மற்றப் பெண்களும் வைத்தார்கள். நான் கதவைச் சாத்தப்போனபோது தெரசம்மாள், "இருங்க" என்றார். கையிலிருந்த துணிப்பைக்குள் வெற்றிலைக்கு அடியில் துழாவி, கணக்குப் புத்தகத்தை எடுத்தார்.

"இதயும் உள்ள வச்சிடுங்க. ராத்திரில பொண்ணுக்குக் குடுக்கலாம்னு ஒளிச்சி வச்சிருந்தேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கற? கடலுக்குப் போய்ட்டு வந்து படு."

பூட்டினேன்.

கடற்கரையில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்த அளவு பேரம் எனக்குத் தெரியவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் அலையை எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பிலோமினா மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், மத்மசேலப் பத்தி யோசிக்கலாமா? அது படிப்புல சேராதில்ல?"

"சேராது" என்றேன்.

அந்தப் பெண்கள் தேறினார்களா என்பது நீங்கள் இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது. பரீட்சை முடிந்ததும் அலமாரிச் சாவியைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறொன்று. என் மகன் இன்னும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. நான் காலையில் வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுகிறேன். அவன் பார்க்கிறான். நான் இழுப்பதில்லை.