அளக்காமல் சொன்ன ஒரு வரி

கோர்ட் வராந்தாவில் அந்த விபத்து நிபுணருக்கு 'ஏறத்தாழ' என்று பெயர். விபத்து நடந்த இடத்தில் முழங்காலிட்டு டயர் தடத்தை அளப்பார். பிறகு கூண்டேறி, வண்டி ஏறத்தாழ இத்தனை முதல் இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்பார். இருபத்தேழு வருடமாக இதே பாட்டு.

"வயசு ஐம்பத்தாறா, ஏறத்தாழவா?" என்று வக்கீல்கள் சீண்டுவார்கள்.

"ஐம்பத்தாறு. ஆனா அளந்தது நான் இல்ல சார், எங்கம்மா சொல்லிக் கேள்விதான்."

அப்பேர்ப்பட்டவருக்கு ஒருமுறை நாக்கு வழுக்கியது. சாலையைக் கடந்த பெண் ஒருத்தி கார் மோதி இறந்த வழக்கு. முன்வரிசையில் அவளுடைய தாய். "கவனமாத்தான் ஓட்டினாரா?" என்று அரசு வக்கீல் கேட்டார். இவர் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கான்."

ஓட்டியவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. வேகத்தைச் சொல்வதோடு நிபுணர் வேலை முடிந்துவிடுகிறது. கவனமின்மையா என்பதை நீதிபதிதான் முடிவு செய்யவேண்டும் என்றது. தீர்ப்போ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வழக்கு முதலிலிருந்து. இரண்டு வருடம் வீண். அந்த இரண்டு வருடத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகப் பழகினார்.

மறுவிசாரணையன்று மூச்சு வாங்கக் கூண்டேறினார்.

"தடம் இருபத்துநாலரை மீட்டர். வேகம் அறுபத்தொன்று முதல் அறுபத்தெட்டு. அந்தத் தெருவில் நாற்பதுதான் அனுமதி."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "போன தடவை 'கண்ணை மூடிக்கிட்டு'ன்னீங்களே, அதையும் டேப் பிடிச்சு அளந்தீங்களா?"

அறை சிரித்தது.

"இல்லை. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது."

வெளியே படிக்கட்டில் தாய் வழிமறித்தாள். "அன்னைக்கு வாய் இருந்துச்சே ஐயா, இன்னைக்கு எங்க போச்சு?"

"அன்னைக்குப் பேசினதாலதாம்மா இன்னைக்குத் திரும்ப வந்திருக்கோம்."

"உங்க மனசுக்கு என்னதான் தோணுது?"

"அதைச் சொன்னா மூணாவது தடவையும் நீங்க படியேறணும்."

அவள் இறங்கிப் போனாள். பஸ் பிடிக்கத் தெம்பில்லாமல் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து மூன்று வாரம். அவருடைய போன் அடித்தது. அவர் மகள் எடுத்தாள். மறுமுனையில் அந்தத் தாய்.

"தண்டனை கொடுத்துட்டாங்கம்மா. வேகத்தை வச்சே கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை அசைக்க முடியாதாம். ஐயாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேம்மா" என்றாள் மகள்.