பறக்கிற நேரம் மட்டும்

எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று பூமிக்கே ஒருநாள் மறந்துபோனால், அது நேராகப் பைலட் அத்தையிடம்தான் வந்து கேட்கும். அத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பிவிடுவாள். ஆனால் பேர்தான் பைலட்; விமானத்தில் கால் வைத்ததே கிடையாது. டிக்கெட் ஆபீசில் அவள் உட்காரும் நாற்காலி கொஞ்சம் ஆடும். வானத்தில் பறந்த அனுபவம் அவ்வளவுதான் என்று குடும்பத்தில் கேலி.

அந்த ஆபீசில் முதலாளி போட்ட சட்டம் ஒன்று உண்டு. போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும், பறக்கிற நேரத்தை மட்டும் சொல்ல வேண்டும். நடுவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் தேவுடு காத்துக் கிடக்கிற நேரத்தை, ஆள் பணம் கட்டிய பிறகு மெல்ல எடுத்துவிடலாம். அத்தைக்கு முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

அன்று காலை போன் வந்தபோது எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பேசியது கடல் தாண்டி இருக்கிற அண்ணி.

"உங்கண்ணன் போயிட்டாரு. தூக்கத்துலயே. நீ வர எவ்வளவு நேரமாகும்?"

"பதினாலு மணி நேரம்," என்றாள் அத்தை, கவுண்டரில் சொல்கிற அதே குரலில்.

"சரி. நாளைக்கு மதியம் அடக்கம் வெச்சுடறோம். நீ முகத்தைப் பார்த்துடலாம்."

போனை வைத்துவிட்டு, தம்பதிக்கு ஜன்னலோர சீட்டு போட்டுக் கொடுத்தாள். தனக்கு டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கிளம்புகிற விமானமே இன்று இரவுதான்; அப்புறம் இரண்டு விமானங்களுக்கு நடுவே பத்து மணி நேரக் காத்திருப்பு. எப்படித் திருப்பிப் போட்டாலும் நாளை இரவுதான் போய் இறங்க முடியும். அழுகை வருமென்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். வரவில்லை. துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தாள்.

திரும்பக் கூப்பிட்டபோது எடுத்தது அண்ணன் மகன், பதினாறு வயசு வாலு.

"டேய், நான் தப்பாச் சொல்லிட்டேன். வர ராத்திரி ஆயிடும்."

"கல்லறையில நாளைக்குத்தான் நேரம் குடுத்திருக்காங்க அத்தை. விட்டா அடுத்த வாரம்தானாம். நிறுத்தச் சொல்லவா?"

ஒரு வாரம் குளிர்பெட்டியில். ஃபேன் காற்றுக்கே போர்வையை இழுத்துக்கொள்கிற ஆள் அண்ணன்.

"வேண்டாம். முடிச்சுடுங்க."

"அப்ப டிக்கெட்டு? அப்பாதான் இருக்க மாட்டாரே. யாரைப் பார்க்க வரீங்க?"

"உங்கம்மாவை."

"வாங்க, வாங்க. என் ரூமைத்தான் கேப்பீங்க. தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஹால்ல படுங்க. குறட்டை விட்டா, பைலட்டுன்னுகூடப் பார்க்காம இறக்கி விட்டுருவேன்."

அத்தை சிரிக்கவில்லை. போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"ஏன்டா, வார்த்தைக்கு வார்த்தை போனைத் தள்ளிப் பிடிக்கிறே?"

"சிக்னல் சரியில்ல அத்தை."

"மூக்கைச் சிந்துற சத்தம் நல்லாத்தான் கேக்குது," என்றாள் அத்தை. "வெச்சுடாதே. அழு. நான் லைன்லயே இருக்கேன்."