எங்கேருந்து எதுவரைக்கும் நூறு? அக்காவின் சைக்கிள் பந்தயம்

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கண்ணீர் வருவதற்கு முன்பு மூச்சு வாங்குகிறது. அவர் பின்னால் ஓடியே வளர்ந்த தங்கை நான். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்கா தாமே பலமுறை சொல்லிச் சிரித்த ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். அதைவிட நன்றாக அவரை எனக்குக் காட்டத் தெரியாது.

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ள எங்கள் கிராமத்தில், நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட வீட்டில், மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. சிறு வயதில் பம்ப்செட் தொட்டிச் சுவரிலிருந்து விழுந்து வலது முழங்கை முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை அதன்பிறகு முழுதாக நீளவே இல்லை. எப்போதும் சற்று மடங்கியே இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலை கேட்டுப் போனார். கையைப் பார்த்த அதிகாரி நீட்டிக் காட்டச் சொன்னாராம். "நீட்டறதுக்கு இன்னா சார் கீது? லைன்ல பொருளு நம்ம கிட்டதானே வருது?" என்று அக்கா கேட்க, அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஷிஃப்ட் பஸ் எங்கள் ஊருக்குள் வராது. மெயின் ரோடு வரை அக்கா அப்பாவின் பழைய சைக்கிளில்தான் போவார். போவது என்று சொல்லக் கூடாது, பறப்பார். ஷேர் ஆட்டோக்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில், வட்டாரத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து, வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் அறிவித்தன. ஒரகடம் சாலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடைத்துவிட்டு ஓட்டலாம் என்றதும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொந்த ஊர் திரும்பிய கொரியப் பொறியாளர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கியர் சைக்கிளை, சேர்த்து வைத்திருந்த ஓவர்டைம் பணத்தில் வாங்கி வந்தார். பளபளவென்று குதிரை மாதிரி நின்றது வண்டி. ஆனால் அதை முன்பு ஓட்டிய பொறியாளர் ஆறடிக்காரர். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தது. மடங்கிய கையை வலிந்து நீட்டி ஓட்டியதில் முழங்கை வீங்கிவிட்டது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "இன்னொரு தபா கை வீங்கிச்சின்னா ரேஸும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். உன்ன ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும் நானு" என்று முடித்துவிட்டார்.

அப்போது எங்கள் தெருவில் ஒரு வாடகை அறையில் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பின்னாளில் எனக்கு மாமா ஆனவர். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அக்கா வண்டியை நிறுத்தி நிறுத்திக் கையை உதறுவதை அவர் கவனித்திருக்கிறார்.

"ஹேண்டில்பாரத் தாங்கிக்கிட்டு முன்னால நீட்டிட்டு நிக்கில்லா, அந்தக் கழுத்து, அதுக்குப் பேரு ஸ்டெம். அதக் குட்டையா மாத்துனா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

டேப்பை எடுத்து ஸ்டெம்மின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தார். பன்னிரண்டு சென்டிமீட்டர். "பத்து வாங்கிப் போட்டா ரெண்டு குறைஞ்சிரும்" என்று சென்னைக்குப் போய், 100 என்று மில்லிமீட்டர் அளவு பொறித்த புது ஸ்டெம் ஒன்றை வாங்கி வந்து மாட்டியும் கொடுத்தார்.

அக்கா தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். முகம் சுருங்கியிருந்தது.

"எட்ட பூட்ச்சி."

"எட்டப் போகாதுங்க. ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சிருக்கோம்."

"என் கைக்குத் தெரியாதா? முன்னவிட எட்ட கீது."

அம்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும், புது சாமான் பழக வேண்டும், மனசுதான் காரணம் என்றார்கள். அக்கா ஒப்பவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து புது ஸ்டெம்மைக் கழற்றச் சொன்னார். கழற்றியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நூறுன்னு போட்டுக்கீறானே, எங்கேருந்து எதுவரைக்கும் நூறு?"

மாமா சட்டென்று டேப்பை எடுத்துப் புதியதையும் முனைக்கு முனை அளந்தார். பதின்மூன்று! பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம்! அக்கா துள்ளி எழுந்தார். "பாத்தியா? நான் சொல்லல?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்.

"அப்பம் முனைக்கு முனை அளக்கக் கூடாதுங்க" என்றார் மாமா. அவருக்கும் வேகம் வந்துவிட்டது. "வண்டித் தண்டு நுழையுத துளைக்கு ஒரு நடு இருக்கு. ஹேண்டில்பார் நுழையுத துளைக்கு ஒரு நடு இருக்கு. நடுவுக்கு நடுதான் நெசமான நீளம்."

"நடுவுல ஓட்டைதானே கீது? டேப்ப காத்துலயா வைப்ப?"

இருவரும் தரையில் மண்டியிட்டார்கள். மாமா துளைகளின் விட்டத்தை அளந்து, பாதி பாதியாகக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா தம் இரண்டு வளையல்களைக் கழற்றி, சற்று இடைவெளி விட்டுத் தரையில் வைத்தார். ஒன்றின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் வெளி ஓரம் வரை விரலால் கோடு இழுத்தார். பிறகு உள் ஓரத்திலிருந்து உள் ஓரம். "இது ரொம்பப் பெருசு, இது ரொம்பச் சிறுசு. ரெண்டையும் கூட்டிப் பாதி பண்ணா நடுவு வந்துடாதா?"

மாமா அக்காவைப் பார்த்த பார்வையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அளந்தார்கள். புதியதில் துளைகளின் தூர ஓரங்களுக்கிடையே 12.7, கிட்ட ஓரங்களுக்கிடையே 7.3. கூட்டினால் இருபது, பாதி பத்து. பொறித்திருந்த நூறு மில்லிமீட்டர் அச்சாக வந்தது! பழையதில் 11.7, 6.3. பாதி ஒன்பது. பழையதே ஒன்பதுதான், பத்தை வாங்கி மாட்டி ஹேண்டில்பாரை இன்னும் எட்டத் தள்ளியிருந்தோம். தெருவே கூடிச் சிரித்தது. தப்பாக அளந்த மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மறுபடி சென்னைக்குப் போய், கடையிலேயே அளந்து பார்த்து, ஏழு சென்டிமீட்டர் ஸ்டெம் வாங்கி வந்தார். அதை மாட்டிய மாலை அக்கா ஒரகடம் கூட்டுச் சாலை வரை போய்த் திரும்பி வந்து, இறங்காமலே கத்தினார்: "கைக்கு வந்துட்ச்சி!"

பந்தயத்தன்று அப்பா மொபெட்டில் வந்தார், கை வீங்கினால் அழைத்துப் போகத்தான். புறப்பட்டதும் அக்கா கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது முன்னால் நான்கு பேர்தான். வளைவில் இருவரைக் கடந்தார். கடைசி நேர் சாலையில், உடம்பைத் தாழ்த்தி, முழங்கை வசதியாக மடங்கியிருக்க, மூன்றாமவரையும் விழுங்கிக்கொண்டு வந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் அப்பாவைக் காணவில்லை. மொபெட்டைச் சாலையோரம் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அமுக்கு! அமுக்கும்மா!" என்று அக்காவின் சைக்கிளுக்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தார்! அக்கா இரண்டாவதாக வந்தார். அரைச் சக்கர வித்தியாசம். அது முதலிடம்தான் என்று அப்பா நடுவரிடம் நெடுநேரம் வாதாடினார்.

சில மாதங்களில் மாமா பெண் கேட்டு வந்தார். "தப்பா அளந்த ஆளு நீதானே?" என்றார் அப்பா. "ஆமாங்க. ரெண்டாந்தடவ சரியா அளந்தேன், உங்க மவ சொல்லிக் குடுத்து" என்றார் மாமா. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். ஊர் வேறு, பழக்கம் வேறு என்று முணுமுணுத்தவர்களும் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

படப்பையில் குடித்தனம் வைத்த அக்கா, வார விடுமுறைகளில் விடுதிப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலைக்கு வந்த பெண்கள் அவர்கள். பயந்தவர்களை அவர் திட்டியதே இல்லை. இருக்கையை இறக்கி, கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளிவிடுவார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கா அதையும் எதிர்த்து மிதித்தார். வருடந்தோறும் நடந்துவந்த அந்தப் பந்தயம் மறு ஆண்டு வந்தபோது மருத்துவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வாடகைக் காரில் சாலையோரம் வந்து உட்கார்ந்தார். அவர் பழக்கிய பெண்கள் வளைவில் தெரிந்ததும் கதவைத் திறந்து எழுந்து நின்று, குரல் உடையும்வரை கத்தினார். அன்று முழுவதும் பேச முடியாமல் சைகையிலேயே சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த சில வாரங்களில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வாடகை வாங்க மறுத்த கார் ஓட்டுநருக்கும், மாமாவைத் தனியே விடாத அவருடைய பழைய அறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இரத்தம் தேவை என்று கேட்டதும் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு மருத்துவமனைக்கு வந்து நின்றவர்களே, உங்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அன்று காலை சாலையோரம் அக்கா எழுந்து நின்று கத்தியது நீங்கள் கொடுத்த தெம்பில்தான். இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருந்தால், கூட்டத்தின் பின்னால் நிற்காதீர்கள். முன்னால் வந்து உங்கள் பெயரை எங்களிடம் சொல்லுங்கள்.