கூப்பிடு தூரம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மலைமேல் குண்டனி நாட்டில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் வாத்தியாரம்மா. வயது இருபது, வாய்க்கு மட்டும் நாற்பது. சேந்தமங்கலத்து வாசகசாலை ஆண்டுவிழாவில் கட்டுரை படிக்க என்னை அழைத்திருந்தார்கள். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் மேடையேறியதில்லை. காரியதரிசியிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதலும் வாங்கிவிட்டேன்.

ஒரு பத்திரிகையில் வந்த இரண்டு சிறுகதைகளை ஒப்பிட்டிருந்தேன். ஒன்றில், அம்மை கண்ட ஒருவனை ஊரார் காட்டுக் குடிசையில் விட்டுவிடுகிறார்கள். மற்றதில், பதினாலு பேர் புழங்கும் வீட்டில் ஒரு மருமகள் விதவையாகிறாள். 'இருவர் தனிமையும் ஒன்றே, இருவர் துயரமும் ஒன்றே' என்று முடித்திருந்தேன். அந்த வரியை நானே பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கையில், பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் இரண்டு கதைகளையும் என் வாயால் சொன்னேன். அவளுக்கும் என் வயதுதான். சாமைக்காட்டுப் பரண்மேல் உட்கார்ந்து குருவி ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த அம்மைக்காரனுக்கு யாரும் குரல் குடுக்கலீங்களா?"

"தனியாக் கெடக்கறான்ங்கறதுதானே கதையே!"

"கிட்டப் போவாட்டி என்னங்க? சோத்தைப் பாறைமேல வெச்சுட்டு, எட்ட நின்னு கூப்புட மாட்டாங்களா? நாங்க அப்படித்தானுங்க."

பத்திரிகையைப் புரட்டினேன். இருந்தது. சாயங்காலந்தோறும் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அம்மா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவன் பதில் குரல் கொடுக்கிறான். ஒரே வரி. மூன்று முறை படித்தும் என் கண்ணில் படவில்லை.

"செரி, அந்த மருமகப் பொண்ணை ஊட்டுல என்னன்னு கூப்புடறாங்க?"

தேடினேன். 'ஏய்', 'இந்தா', 'அவ'. கதை முடியும்வரை பேரே இல்லை.

"அப்ப ரெண்டும் எப்படீங்க ஒண்ணாவும்? படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க!" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. காகிதம் கிடைக்காத காலம். ஒப்புதல் வாங்கிய தாள்களின் பின்பக்கத்திலேயே திருப்பி எழுதினேன். வலி இரண்டு கதைகளிலும் உண்டு. ஆனால் காட்டில் கிடந்தவன் கூப்பிடு தூரத்தில் இருந்தான். அடுப்படியில் இருந்தவள் அந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தாள்.

கூட்டத்தன்று காரியதரிசி தாளை எட்டிப் பார்த்தார். "இது நான் பாத்தது இல்லையேம்மா. ஒத்துக்கிட்டதைப் படி, இல்லாட்டி உக்காரு."

"அது தப்புங்க. தப்பைப் படிக்கறதுக்கா மலையிறங்கி வந்தேன்?"

முழுசாகப் படித்தேன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "இது யாரு யோசனை?"

"பக்கத்து வீட்டுக்காரி சொன்னதுங்க. அவளுக்கு எழுத்துத் தெரியாது."

சபை சிரித்தது. "கதை தெரியும்" என்றேன். சிரிப்பு நின்றது. அப்புறம் ஆளாளுக்கு எழுந்து, அந்த மருமகளுக்காக அரைமணி நேரம் வாதாடினார்கள். ஒவ்வொருவருக்கும் நான் நின்றபடியே பதில் சொன்னேன். காரியதரிசி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.