விருந்தாளிக்காகப் புதைத்த மாதுளை

பூச்சி பார்க்க யாராவது திருச்சுழிக்குப் போவார்களா? நான் போனேன், சென்ற ஆவணியில். மாதுளங்காயைத் துளைக்கும் அந்துப்பூச்சியில், ஆணை அழைக்கப் பெண் விடும் வாசனையைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. ஆய்வகத்தில் வளர்த்த பூச்சிகளிடம் இரண்டு பொருள்தான் கிடைத்தது. அவற்றைக் கலந்து பொறி வைத்தால் ஓர் ஆண்கூட எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்துப் பெண்பூச்சி வேண்டும். அதைவிட, நான் கலந்த வாசனையைத் தேடி ஒன்றாவது பறந்து வருவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், அப்படி ஓர் ஏக்கம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கே மாறினால் திருச்சுழி இன்னும் அரை மணி. பிறகு ஆட்டோ. வழியெல்லாம் கருவேலமும் வெயிலும்தான். மாதுளை விவசாயி முத்துராமு அண்ணனின் தோட்டம் மட்டும் சொட்டுநீரில் பச்சையாக நின்றது.

"ஆளு வாராகன்னு நேத்தே சொத்தைக் காய் அம்புட்டையும் பொறக்கிக் குழியில போட்டு மூடியாச்சு. தோட்டம் எப்புடி இருக்கு, பாத்தீகளா!" என்றார் அவர் மனைவி பாண்டியம்மா, பெருமை தாங்காமல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, அந்தச் சொத்தைக்குள்ள இருக்கிற புழுவுக்குத்தான் வந்தேன். அதுதான் பூச்சியாகும்."

"அடியாத்தி! இதை மொதல்லயே சொல்லப்படாதா?"

மூவருமாகக் குழியைத் தோண்டினோம். நாற்றம் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டேன். நல்லவேளை, புழுக்கள் உயிரோடு இருந்தன.

"ஆம்பளைப் பூச்சி எம்புட்டுத் தூரத்துல இருந்தும்மா வரும்?" வாசனை விஷயத்தைச் சொன்னதும் பாண்டியம்மா கேட்டார்.

"காத்து சரியா இருந்தா தோட்டம் தாண்டியும் வரும்க்கா."

"எங்க வீட்டுக்காரரு டீக்கடைக்குப் போனா, போன் போட்டாக்கூட வரமாட்டாரு!"

அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். திரும்பும்போது பஸ் கண்டக்டர் சொத்தைக் காய் நிறைந்த என் பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடைசி சீட்டைக் காட்டினார்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காக வருகிறீர்கள் என்பதைப் போனிலேயே விளக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூரில் எங்கள் ஆய்வகத்தில் அந்தப் புழுக்கள் பூச்சிகளாயின. பெண்பூச்சிகளின் வயிற்று நுனியை நறுக்கி, கரைப்பானில் ஊறவைத்து, அதிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் செலுத்தினேன். வரைபடத்தில் மூன்றாவதாக ஒரு சின்ன முகடு எழுந்தது. அந்தப் பொருளையும் சேர்த்துக் கலந்து, பொறியோடு அண்ணனுக்குக் கூரியரில் அனுப்பினேன்.

ஒருநாள் விடியும் முன்பே அண்ணன் போன் செய்தார்.

"யம்மா, வந்துருச்சு! மஞ்ச ரெக்கையில கரும்புள்ளி. பொறியைச் சுத்திச் சுத்தி வருது. இந்தா, போனைக் கிட்டக்க வைக்கிறேன், சத்தம் கேக்குதா?"

காற்று இரைவதுதான் கேட்டது.

"கேக்குதுண்ணே," என்றேன். "கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருங்க."